முதல் பதிப்பு

யுத்தம் வந்த பிறகு இந்தக் கடைக்காரச் சனம் கேட்டதைத் தராது, இருப்பதைத்தான் தலையில் கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கோணாமலைக் கிழவர் அச்சகத்துக்குள் நுழைந்தார்.

“கதிரவேலின்ரை பாட்டுப் புத்தகம். முதல் பதிப்புத் தாரும்.”

அச்சகம் நடத்தும் சோமசேகரம் அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கிழவர் முதல் தாளைத் திருப்பி, பெயர் அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது ரெண்டாவது. ஆரை ஏய்க்கிறீர்?”

“வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லுவியளே, அப்பு. எப்பிடிப் பிடிச்சனியள்?”

“முதல் பதிப்பிலை பேருக்கு முன்னாலை ஒண்டும் இல்லை. இதிலை ஒரு சொல்லுக் கூட நிக்குது.”

“பிழையெல்லாம் திருத்தி அடிச்சது அப்பு, இதுதான் நல்லது. முதல் பதிப்பு ஒண்டும் மிச்சமில்லை.”

“இந்தச் சொல்லுத்தான் பெரிய பிழை. ஆரைக் கேட்டுப் போட்டனீர்?”

சோமசேகரத்தின் குரல் தாழ்ந்தது.

“ஜப்பான்காரன் துறைமுகத்திலை குண்டு போட்டு ஒரு வருசமாச்சு. அண்டைக்கு அங்கை வேலைக்குப் போன கதிரவேல் திரும்பி வரேல்லை. செத்தவையின்ரை பேருக்கு முன்னாலை ‘அமரர்’ எண்டு போடுறதுதானே வழக்கம்?”

“உடம்பைக் கண்டனீரோ?”

“இல்லை.”

“பெத்த தேப்பன் நானே இன்னும் அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யேல்லை. நீர் அச்சிலை செய்து முடிச்சிட்டீர். நாளைக்கு அவன் வந்து இதைப் பாத்தா என்ன நினைப்பான்?”

புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுக் கிழவர் வெளியே இறங்கினார். வேலை விட்டுத் துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, அவர்களுக்கு எதிரே நடந்தார்.