தடவிப் பார்க்கும் காவல்

ஒரு முழங்காலுக்குள்ளே வெள்ளையணு ஒன்று காவல் இருந்தது. அதுக்குக் கண் கிடையாது, பாவம். கையால் தடவித்தான் பார்க்கும். கிருமியின் தோல் தட்டுப்பட்டாலும் தீ மூட்டும். உடைந்த உடலணுவின் ஈரம் ஒட்டினாலும் மூட்டும்.

ஒருநாள் முழங்கால் கல்லில் மோதியதில் ஓர் அணு உடைந்தது. ஈரத்தைத் தொட்ட வெள்ளையணு தீ மூட்டிவிட்டது.

"அண்ணே, யாரும் உள்ளே வரலை. விழுந்த அடிதான். தீயை அணைச்சிருங்க, எனக்குச் சுடுது" என்றது பக்கத்து அணு.

"யாரும் வராமலா கையில ஈரம் ஒட்டுது? பேசாம இரு தம்பி. உன்னைக் காப்பாத்தத்தான் எரிக்கிறேன்."

தீ வளர்ந்தது. பக்கத்து அணுவின் குரல் நின்றுபோனது. வெள்ளையணு அந்தப் பக்கம் கையை நீட்டித் தடவியது. புது ஈரம், வெதுவெதுப்பாக இருந்தது.

"பார்த்தியா தம்பி, இன்னொருத்தனும் வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே தீயைத் தூண்டிவிட்டது.