சுமையில்ல சார்

வெறுந்தரையில் இரண்டு பாதங்களையும் ஊன்றினாள்.

சில்லிட்டது.

இரண்டிலுமே சில்லிட்டது. வலது காலில் எட்டு மாதமாக இல்லாத குளிர்.

கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். தாங்கிப் பிடிக்க வந்த கணவன் கஸ்பாரிடம் வேண்டாமென்று தலையசைத்தாள்.

ஏழாவது அடியில் ஜன்னலைத் தொட்டுவிட்டாள்.

பிலோமி இருபது வருடமாகத் தெருத்தெருவாக மீன் விற்றவள். நடுமுதுகு வலிக்கிறது என்றதும் எல்லாரும் அவள் தலையிலிருந்த கூடையைத்தான் பார்த்தார்கள். சுமையைக் குறை என்றான் கஸ்பார். போன ஆஸ்பத்திரிகளிலும் அதையேதான் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள், தைலம் கொடுத்தார்கள். அவள் சொல்ல வந்த மீதியைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

கால் மடங்கித் தெருவில் விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள்.

தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. கொட்டைப்பாக்கு அளவு.

முழுசாக எடுத்தாயிற்று. புற்று இல்லை என்று நேற்று ரிசல்ட் வந்தது.

பெரிய டாக்டர் வார்டுக்குள் வந்தார். பின்னால் ஆறு டாக்டர்கள். ஜன்னலோரம் நின்றவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

ஆறு பேரில் ஒருவர் அவளுடைய கேஸ் சீட்டைப் புரட்டினார்.

"சுமை தூக்குற தொழில் சார். அதனாலதான் முதல்ல எலும்புத் தேய்மானம்னு..."

"சுமையில்ல சார்" என்றாள் பிலோமி.

வார்டே திரும்பிப் பார்த்தது.

பெரிய டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா."

"கூடையத் தூக்கிட்டு நடக்கையில வலி அவ்வளவு தெரியாது சார். படுத்தாத்தான் உயிர் போகும். எந்திரிச்சு உக்காந்தா கொறையும். பெறவு காலு மரத்துப்போச்சு. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம ஒரு தெரு நடந்திருக்கேன். அப்பவே சொன்னேன். யாரும் காதுல வாங்கல."



"எழுதிக்குங்க" என்றார் பெரிய டாக்டர், பின்னால் நின்ற ஆறு பேரிடம். "அவங்க வார்த்தையிலயே."

ஆறு பேனாக்கள் ஓடின.

கஸ்பார் பக்கத்துக் கட்டில்காரரிடம் குனிந்தான்.

"எம் பொஞ்சாதி" என்றான்.

பிலோமி ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். எதையும் பிடிக்காமல் நேராக நின்றாள். பேனாக்கள் நிற்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எழுதியாச்சா? இன்னும் இருக்கு."