இருபத்தொன்பது நாள்

மேசைக்கு முன்னால் அக்கா. எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, தம்பி. சோபாவில் தம்பி மனைவி, கைப்பேசியில் காரின் படத்தோடு. வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடுபவர் போல, சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்ட்.

கார் துறைமுகத்தில் இருந்தது.

"பதினோரு நாளா வெயில்ல நிக்குதுக்கா. பாவமா இருக்கு," என்றான் தம்பி.

"அதுல ஒரு கீறல் விழுந்தாக்கூட இவருக்குச் சோறு இறங்காது அண்ணி," என்றாள் அவன் மனைவி.

பதினாறு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பியவன். வந்து இறங்கியதிலிருந்து, வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தரம் கேட்டிருப்பான். காரைப் பற்றி நூறு தரம்.

அக்கா பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவள். சொந்தத்தில் யாருக்கு என்ன மனு வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி இன்னும் ஓரம் மடித்து, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை பிசகாமல் எழுதுவாள்.

வெளிநாட்டில் சொந்த உபயோகத்தில் இருந்த கார் என்றால் சுங்க வரிச்சலுகை உண்டு. அதற்கு, கார் ஒரு வருஷமாவது அவன் பெயரில் ஓடியிருக்க வேண்டும். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அவன் இங்கே வந்து தங்கியது முப்பது நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் சலுகையை மறந்துவிட வேண்டியதுதான்.

"ரெண்டு வருஷத்துல எத்தனை நாள்டா இங்க இருந்தே?"

"இருபத்தொன்பது," என்றான், வகுப்பில் முதலாவதாக வந்தவன் முகத்தோடு. "மச்சினி கல்யாணத்துக்குப் பதினெட்டு. ஃப்ளாட் பத்திரப்பதிவுக்குப் பதினொண்ணு."

பிறகு, அருமை தெரிந்தவரிடம் சொல்வது போல, ஏஜெண்ட் பக்கம் திரும்பினான். "நடுவுல இன்னொரு தடவை வரவேண்டி இருந்துச்சு சார். வந்திருந்தா முப்பதைத் தாண்டியிருக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்ல!"

"கெட்டிக்காரர் சார் நீங்க. அவனவன் ஒரு நாள் கூடிப்போய், நாய் படாத பாடு படறான்."

அக்காவின் பேனா நின்றது.

கல்யாணத்துக்கும் பத்திரப்பதிவுக்கும் நடுவில் இந்த வீட்டில் நடந்தது ஒன்றுதான். அப்பா இறந்தார்.

"பாஸ்போர்ட்டை விசாவுக்குக் குடுத்திருக்கேன்கா, கையில இல்லையேக்கா," என்று போனில் விக்கி விக்கி அழுதான் அன்றைக்கு. எப்படியாவது வந்துவிடுவான் என்று அப்பாவை ஒன்றரை நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் அந்த அழுகையைச் சொல்லிச் சண்டை போட்டாள். ஒரு பெரியப்பாவோடு பேச்சே நின்றுபோனது.

பாஸ்போர்ட் அவள் முழங்கைப் பக்கத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். விசா மூன்று வருஷத்துக்குப் போட்டது. அப்பா இறந்த மாதம் அதன் நட்டநடுவில் வந்தது; விசாவுக்குக் கொடுக்க வேண்டிய காலமே இல்லை.

பாஸ்போர்ட்டை மூடி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எழுதினாள். நடுவே எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நகல் எடுத்து வந்தாள். தம்பி இரண்டாவது டீயையும் குடித்து முடித்தான்.

நாலாவது பத்தி இப்படி இருந்தது:

'மேற்படி நாள் வரம்பு மீறிவிடக் கூடாது என்ற ஒரே காரணத்தால், என் தந்தை இறந்தபோதும் நான் ஊருக்கு வரவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவரது இறப்புச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.'

"படிச்சுப் பாத்து ஒப்பம் போடு," என்று நீட்டினாள்.

தம்பி விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தான். அவன் மனைவி எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

நாலாவது பத்தியில் விரல் நின்றது.

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். கோபப்படட்டும், அழட்டும், வெட்கப்பட்டு ஒரு பொய்யாவது சொல்லட்டும். இதை எடுத்துடுக்கா என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

"அக்கா, இதுல ஒரு தப்பு இருக்கே."

அவள் முன்னால் சாய்ந்தாள். "சொல்லுடா."

விரல் மேலே ஏறி இரண்டாவது பத்திக்குப் போனது. "சேஸிஸ் நம்பர்ல கடைசிக்கு முந்தினது எட்டு. நீ ஆறு போட்டிருக்கே." பிறகு மறுபடியும் கீழே வந்தது. "ஆனா இந்த நாலாவது பாரா இருக்கே, பிரமாதம்க்கா. கேஸே இதுலதான் நிக்குது."

அவன் மனைவி சோபாவுக்குத் திரும்பிப் போய், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அக்கா ஆறை அடித்து எட்டு எழுதினாள். திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம், அடியில் முழு ஒப்பம். இரண்டையும் அவன் அழகாகப் போட்டான். போட்டுவிட்டு, துறைமுகத்தில் ஆளைப் பிடித்துக் காருக்கு ஒரு உறை போடச் சொல்லலாமா என்று போன் பேச வெளியே போனான்.

நாள் எண்ணிக்கைக்குப் பாஸ்போர்ட் முத்திரைகளே போதும். நாலாவது பத்தியை எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

எழுதும் அட்டைக்கு அடியிலிருந்து இன்னொரு கடிதத்தை அக்கா உருவினாள். அதே தேதி, அதே கார், அதே பணிவு. அதில் மூன்றே பத்தி. ஒப்பத்துக்கு இடம் விட்டு, அவன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காக எழுதி வைத்தது. நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

அவன் ஒப்பம் போட்டதை மடித்து, இணைப்புகளோடு உறைக்குள் வைத்து, பசை தடவி, அளவுகோலால் அழுத்தி ஒட்டினாள். உறைமேல் பெறுநர் எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் தம்பி பெயரை எழுதி, அடுத்த வரியில் நேரே கதவிலக்கத்துக்குப் போனாள்.

ஏஜெண்ட் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அப்பா பேரு விட்டுப்போச்சே?"

"விட்டுப்போகல," என்று உறையை அவர் கையில் கொடுத்தாள். "தபாலாபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. கிளம்புங்க."