கூட்டத்தில் ஒருவன்

மாலகா துறைமுகத்தின் நெரிசலை அரசரின் அரண்மனைக்காக வரைந்துகொண்டிருந்தேன். வலை பின்னும் கசில்டா நான்காவது நாளாக, விதவைக்குரிய கறுப்பு உடையில் வந்து நின்றாள்.

“மீன் திருடற பூனைக்குக்கூடப் படத்துல இடம் குடுத்திருக்கீங்க. என் புருஷனுக்கு இல்லையா, ஐயா?”

“ஏழு வருஷம் முன்னாடி கப்பலோட முழுகிப் போனவரை நான் எங்கம்மா போய்ப் பாக்க?”

“நான் சொல்றேன், நீங்க வரைங்க. முகம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டே வருது. கயிறு திரிக்கிற எவரிஸ்தோ என்னைக் கட்டிக்கிறேங்கறார். என் புருஷன் முகத்தை ஒரு தடவை பாத்துட்டா அவருக்குப் பதில் சொல்லிடுவேன்.”

இடப்பக்கம் சாய்ந்த நடை, நடுவில் குழி விழுந்த மோவாய், நெற்றியில் பிறைபோல ஒரு தழும்பு என்று சொல்லிக்கொண்டே போனாள். என் தூரிகை நின்றது.

“நாளைக்கு வாங்க” என்றேன்.

மறுநாள் படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவரேதான்! காதுல வளையம்கூட! அதை நான் சொல்லவே இல்லையே?”

“மாலுமின்னா வளையம் இல்லாமயா? நானாப் போட்டேன்.”

“உயிரோட நிக்கிற மாதிரி இருக்கார். இவரை விட்டுட்டு இன்னொருத்தரை எப்படிக் கட்டுவேன்? எவரிஸ்தோகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாகத் துறைமுகப் படியேறிப் போனாள். நான் கூப்பிடவில்லை.

ஒரு துறைமுகத்தில் பார்த்து வரைந்த ஆட்களை அடுத்த துறைமுகத்துப் படத்தில் நிறுத்துவது எங்கள் தொழில் வழக்கம். தழும்பும் வளையமுமாக அவனைப் போன மாதம் கார்த்தஹேனா துறைமுகத்தில் பார்த்து வரைந்தேன். அவன் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தையை மட்டும் இந்தப் படத்தில் விட்டுவிட்டேன்.