ஆறாம் பக்கம்

மார்ச் 11, செவ்வாய். நேற்று ரக்ஷிதா ஆறாம் பக்கத்தைப் பார்த்தது நான்கு வினாடி என்று எழுதியது தவறு. நாற்பது. ஒரு பூஜ்ஜியத்தை விட்டுவிட்டேன்.

நான்கு என்றால் அந்தப் படம் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்பது என்றால் மற்ற எல்லாப் படங்களையும்விடப் பிடித்திருக்கிறது.

எந்தக் குழந்தை எந்தப் படத்தை எத்தனை வினாடி பார்க்கிறது என்ற இந்த அட்டவணையைத்தான் நாளை மாலை வகுப்பில் வாசிக்க வேண்டும். நான் படிக்கும் மழலையர் கல்வி டிப்ளமாவில் பாதி மதிப்பெண் இதற்கு.

ஆஸ்டின் டவுனில் நான் வேலை செய்யும் பிளே ஸ்கூலின் படப் புத்தகம் ஒன்று. ஆறு பக்கம். மஞ்சள் யானை, சிவப்பு பஸ், கிளிகள் என்று ஐந்து பக்கம் பளீரென்று இருக்கும். ஆறாவதில் சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஜன்னல்கள் உண்டு, ஆள் கிடையாது.

அந்தப் பக்கத்தை விட்டுவிடச் சொன்னார், வகுப்பெடுக்கும் ஃபிராங்க்ளின் சார். நாலு வயதுக் குழந்தை நிறத்தையும் முகத்தையும்தான் பார்க்கும், வீணாக உட்காராதே என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு குழந்தை கிடைத்துவிட்டது.

ஆனாலும் போனில் ஸ்டாப்வாட்சைச் சரியாக அழுத்தினேனா என்ற சந்தேகம் காலையிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது. மதியம் மறுபடி உட்காரவைத்தேன்.

யானையை மூன்று வினாடியில் புரட்டினாள். கிளிகளை இரண்டில்.

கட்டடத்தில் நின்றாள். ஐம்பது, அறுபது என்று ஓடியது. ஜன்னல்கள் மேல் வரிசை வரிசையாக விரலை நகர்த்தினாள். கீழ் வரிசை முடிந்ததும் மறுபடி மேலே போனாள்.

பக்கத்தில் இருந்த கண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. அதில் ஒன்றுமே இல்லை, யானையைக் காட்டு என்று அவளை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தான். அவள் நகரவில்லை.

இந்தப் படம் ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். நடுவில் பேசினால் கணக்கு கெடும். தெரிந்தும் கேட்டேன்.

"இதுல எங்கம்மா எந்த ஜன்னல்ல மிஸ்?"

அம்மா இதற்குள் இருக்கிறார் என்று யார் சொன்னது என்றேன்.

"நீங்கதான மிஸ் சொன்னீங்க."

போன வருட டைரியைத் தேடி எடுத்தேன். ஜூன். அவள் சேர்ந்த மூன்றாம் நாள்.

அவள் அம்மா வைட்ஃபீல்டில் அபார்ட்மென்ட் வீடுகளில் வேலை செய்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அன்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். அழுகை நிற்கவே இல்லை. கையில் அகப்பட்ட இதே புத்தகத்தைத் திறந்து, கட்டடத்தைக் காட்டி, அம்மா இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார், நன்றாகத் தேடு என்றேன்.

டைரியில் அது இல்லை. 'ரக்ஷிதா இன்று சீக்கிரம் அழுகையை நிறுத்தினாள்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஒன்பது மாதம் ஆகிறது.

நாளை: அட்டவணையில் அவளுடைய வரியை அடித்துவிட்டு, காரணத்தை வகுப்பில் வாசிக்க வேண்டும். அதற்கு முன், காலையில் அவள் அம்மா வரும்போது, அவர் வேலை செய்வது எந்த மாடி, எத்தனையாவது ஜன்னல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.