மூன்றாவது டப்பா

மாதத்தின் முதல் ஞாயிறன்று மொத்தமாகச் சமைத்து, யாருக்கு, என்றைக்கு என்று மூடியில் எழுதி, ஃப்ரீசரில் அடுக்கிவிடுவாள் மனைவி. கேஸும் மிச்சம், வேலையும் மிச்சம். ஒரு பருக்கை வீணாகாது.

"என்னடி இது? பதினேழு வரைக்கும் மூணு மூணு டப்பா இருக்கு. பதினெட்டுல இருந்து ரெண்டுதான்?" ஃப்ரீசருக்குள் தலையை விட்டபடி கேட்டான் கணவன்.

"தேவைக்குத்தாங்க செஞ்சேன்." அவள் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். போன வருஷம் ஒரு மாதம், ஒன்பதாம் தேதிக்குமேல் அப்பாவுக்கு டப்பா இல்லை. "பெத்தவர் சோத்துலயா உன் சிக்கனம்?" என்று வீட்டையே இரண்டாக்கினான். ஒன்பதாம் தேதி சாப்பிட்டுவிட்டுப் படுத்த அப்பா, எழுந்திருக்கவேயில்லை.

"அப்பாவுக்கு நீ ஏதாவது கலந்தியா?"

"சீ, என்ன பேச்சு இது! டப்பாவுல போடும்போதே யாருக்கு எதுவரைக்கும் வேணும்னு கைக்குத் தெரிஞ்சுடும். அவ்வளவுதான்."

"அப்போ இந்தத் தடவை நானா?"

அவன் கட்டைவிரலால் மூடிகளில் தேதிக்குக் கீழே, யாருக்கு என்பதை மறைத்திருந்த பனியைச் சுரண்டினான். பதினெட்டு, 'அவருக்கு'. முப்பதிலும் 'அவருக்கு'. போன உயிர் திரும்பி வந்தது. உடனே மகள் நினைப்பு வந்து பகீரென்றது. பதறிப்போய்ச் சுரண்டினான். முப்பது வரைக்கும் 'பாப்பாவுக்கு' இருந்தது.

'எனக்கு' என்று எழுதிய மூடிதான் பதினேழோடு நின்றிருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டை நீட்டினாள்.

"அடுத்த மாசம் நீங்கதான் சமைக்கணும். அளவெல்லாம் எழுதியிருக்கேன். உப்பு மட்டும் பார்த்துப் போடுங்க."