நான்காவது முகம்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. போடிநாயக்கனூரில் பிரபாகரனின் ஏலக்காய்க் கடையில் காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ராக்கு குனிந்தபோது, அவள் கழுத்துக் கயிற்றிலிருந்த தங்கக் காசு வெளியே வந்து ஆடியது.

பிரபாகரன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ரோமானியக் காசுகளைச் சேர்ப்பவர் அவர். அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய மூன்று பேரரசர்களும் அவருடைய கண்ணாடிப் பெட்டியில் இருந்தார்கள். நான்காவது முகத்தைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"காட்டு அதை."

ராக்கு கயிற்றைக் கழற்றி நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை.

"நீரோ! பெத்த தாயையே கொன்ன பாவி. இவன் ஒருத்தன் இல்லாமத்தான் என் வரிசை மூளியா நிக்கிது. என்ன வெல வேணும், சொல்லு."

"விக்கிறதுக்கில்ல மொதலாளி."

கணக்கர் யோகராஜ் தலையை நீட்டினார். "காய் பொறுக்குறவளுக்கு ஏதுத்தா ரோமாபுரித் தங்கம்? எந்தத் தோட்டத்துல தோண்டுன?"

"தோண்டலண்ணே. குடுத்தாக, வாங்கிக்கிட்டேன்."

"குடுத்தாகளாம்! எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன். என் வீட்டுக்காரி கழுத்து சும்மாதான் கெடக்கு."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ராக்கு சிரிக்கவில்லை.

பிரபாகரன் கைப்பேசியை எடுத்தார். "மரியாதையாக் குடுக்குறியா, இல்ல திருட்டு நகைன்னு ஸ்டேஷனுக்குச் சொல்லட்டுமா?"

"வெரசாச் சொல்லுங்க, எனக்குச் சோலி கெடக்கு. போலீசு ஜீப்பு வந்தா நானே ஏறிக்கிறேன். நேரா எங்க ஊரு குரங்கணிக்கு விடச் சொல்லுவோம். குடுத்தவுக வாயாலயே கேட்டுக்கங்க."

"யாரு அது?"

ராக்கு கயிற்றை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"உங்க ஆத்தா."

யோகராஜ் நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ராக்கு தொடர்ந்தாள்.

"பொன்னுமணியாத்தா தாலியில கோத்திருந்த காசு இது. மஞ்சள் அப்பிக் கெடந்ததுல நீங்க முகத்தைப் பாத்திருக்க மாட்டீக. உங்க அப்பு செத்தன்னைக்குக் கழட்டிச் சுருக்குப்பையில போட்டு வச்சிருச்சு. ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்ததுல இருந்து, பக்கத்து வீட்டுக்காரி நாந்தான் குளிப்பாட்டிக் கஞ்சி ஊத்துறேன். மகன் வந்தா மருமகளுக்குக் குடுக்கணும்னு தீவாளிக்குத் தீவாளி வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. போன மாசம் என்னைக் கூப்பிட்டுக் கழுத்துல போட்டுவிட்டுருச்சு."

அவள் அடுத்த கூடையை இழுத்துவைத்துக்கொண்டாள்.

"வெல எல்லாம் வேணாம் மொதலாளி. நேர்ல வந்து ஆத்தாகிட்டக் கேளுங்க. அது சரின்னு சொன்னா சும்மாவே கழட்டித் தர்றேன்."

பிரபாகரன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை, பொன்னுமணியம்மாளின் மருந்துக்கு வழக்கம்போல் ராக்குதான் பணம் கொடுத்தாள். பிரபாகரன் தை மாதத்தில் மதுரைக்குப் போய், வேறொரு நீரோவை முழு விலை கொடுத்து வாங்கி வந்தார்.